பொத்தானும் பாதமும்: ஓட்டுமுறைத் தேர்வு காரின் மைலேஜை மாற்றுகிறதா?

மதுரைக்குப் போகும் வழியைக் கோவலன் கேட்க, மாங்காட்டு மறையோன் சொல்லும் விடையில் கொடும்பாளூர் வருகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் அந்த ஊருக்குக் கொடும்பை என்று பெயர். அங்குள்ள பெருங்குளத்தைத் தாண்டியதும் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரிகிறது. வலப்பாதை சிறுமலைப் பக்கமாகவும், இடப்பாதை திருமால்குன்றம் வழியாகவும், மற்றொன்று இரண்டுக்கும் நடுவிலும் செல்கிறது. மறையோன் ஒவ்வொன்றின் தன்மையையும் அதில் உள்ள இடரையும் சொல்கிறான். மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இன்று கொடும்பாளூரைத் தொட்டுக்கொண்டு திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை ஓடுகிறது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 45பி என்று வழங்கிய இது இப்போது 38 என்ற எண்ணில் இருக்கிறது. பாதை ஒன்றாகிவிட்டது, தேர்வு காருக்குள் வந்துவிட்டது. கியர் கம்பிக்கு அருகே ஒரு பொத்தானோ திருகு குமிழோ இருக்கிறது. எக்கோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று மோடுகள். எதில் வைத்தாலும் மதுரை வரும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பதும், போகும்போது வண்டி கைக்கும் காலுக்கும் எப்படித் தெரியும் என்பதும்தான் கேள்வி.

பொத்தான் புதியதாகத் தோன்றினாலும் கேள்வி பழையது. சிக்கனம் எஞ்சினில் இருக்கிறதா, கியரில் இருக்கிறதா, ஓட்டுபவரின் காலில் இருக்கிறதா என்று காலத்துக்குக் காலம் வேறு வேறு விடை வந்திருக்கிறது. அந்த விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொத்தான் வந்த கதை

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சிக்கனம் உலகெங்கும் அரசுகளின் கவலையானது. அமெரிக்கா 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்தியது. கார் நிறுவனங்கள் வேறு வழி தேடின. 1980களில் தானியங்கி கியர்பெட்டிக்குள் மின்னணுக் கட்டுப்பாடு நுழைந்ததும் டொயோட்டா, பிஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் ஒரு சிறு சுவிட்சை வைத்தன. ஒரு நிலையில் கியர் சீக்கிரம் ஏறும். மறு நிலையில் எஞ்சின் நன்றாகச் சுழன்ற பிறகே ஏறும். இன்றைய மோடுகளுக்கு முன்னோடி அதுதான்.

இரண்டாவது திருப்பம் ஆக்ஸிலேட்டர் கேபிள் மறைந்தது. பழைய காரில் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும், எஞ்சினின் காற்று வால்வுக்கும் இடையே கம்பி இருந்தது. கால் அழுத்திய அளவுக்கு வால்வு திறந்தது. மின்னணு மிதி வந்த பிறகு கால் ஒரு விண்ணப்பம் மட்டுமே போடுகிறது. எவ்வளவு திறப்பது என்று கணினி முடிவு செய்கிறது. பிஎம்டபிள்யூ 1987-இல் கொண்டுவந்த பன்னிரண்டு சிலிண்டர் கார் இதைத் தொடக்கத்திலேயே கையாண்டவற்றில் ஒன்று. கம்பி போனதால் விண்ணப்பத்தைத் திருத்தி வாசிக்கும் வாய்ப்பு பிறந்தது. 2004-இல் லேண்ட் ரோவர் மண், மணல், பனி என்று தரைக்கேற்ற மோடுகளைத் தந்தது. அதே காலத்தில் ஃபெராரி ஸ்டீயரிங்கிலேயே ஒரு குமிழை வைத்தது. 2008-இல் ஆல்ஃபா ரோமியோ சிறு காருக்கும் மோடுத் தேர்வைக் கொண்டுவந்தது. 2009-இல் ஹோண்டா தன் இன்சைட் ஹைப்ரிட்டில் சிக்கனத்துக்கென்று தனிப் பொத்தானை வைத்தது.

இந்தியாவில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் இது வந்தது 2014-இல் டாடா ஜெஸ்ட்டுடன் என்று சொல்லலாம். அதன் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு எக்கோ, சிட்டி, ஸ்போர்ட் என்று மூன்று மோடுகள் இருந்தன. 2017-இல் நெக்ஸானும் அதே வழியில் வந்தது. 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் எக்கோ, பவர் என்று இரு பொத்தான்கள். ஒரகடத்தில் தயாராகும் ரெனோ கைகர், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா என்று தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்தும் மோடு உள்ள கார்கள் வரிசையாக வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தில் மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய எக்ஸ்யூவி700-இல் ஜிப், ஜாப், ஜூம் என்று பெயர்களே விளையாட்டாகிவிட்டன.

முதல் நிலைப்பாடு: எக்கோ போட்டால் மிச்சம்

நிறுவனங்கள் சொல்லும் விடை இது. எக்கோவில் மூன்று காரியங்கள் நடக்கின்றன என்பது அவர்கள் வாதம்: மிதி மந்தமாகிறது, கியர் சீக்கிரம் ஏறுகிறது, ஏ.சி. அடக்கமாக ஓடுகிறது. மூன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால்தான் எதில் எவ்வளவு உண்மை என்று தெரியும்.

கியர்தான் இவற்றில் வலுவானது. பெட்ரோல் எஞ்சினுக்குக் குறைந்த பளுவில் ஓடுவது பிடிக்காது. காற்று வால்வு பாதி மூடியிருக்கும்போது எஞ்சின் ஒவ்வொரு முறையும் மூச்சுத் திணறித்தான் காற்றை இழுக்கிறது. மெல்லிய உறிஞ்சு குழாயில் இளநீர் குடிப்பவர் தம் பிடிப்பதைப் போன்றது அது. குடிக்கும் நீர் அதேதான், உழைப்பு கூடுதல். அதே வேகத்தை உயர் கியரில் குறைந்த சுழற்சியில் ஓட்டினால் வால்வு அகலத் திறக்க வேண்டியிருக்கும். திணறல் குறையும், உராய்வும் குறையும். எனவே தானியங்கி கியர் உள்ள டர்போ பெட்ரோல் காரில் எக்கோ, நகரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் மிச்சத்தைத் தர வாய்ப்பு உண்டு. டீசல் எஞ்சினில் காற்றை அப்படி அடைத்துக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இல்லை. அதனால் இந்த ஆதாயம் அங்கே சிறிதாகவே இருக்கும்.

கியரை அளவு மீறி ஏற்றினாலும் தொல்லை. மேட்டில் எஞ்சின் 'முக்க' ஆரம்பிக்கும். ஓட்டுபவர் மிதியை இன்னும் அழுத்துவார், கணினி கியரை இறக்கும், சேர்த்தது அங்கே செலவாகும்.

ஏ.சி. பற்றிய வாதம் குளிர்நாடுகளில் சிறியது, புதுக்கோட்டைச் சித்திரையில் பெரியது. சிறு காரின் கம்ப்ரஸர் கடும் வெயிலில் ஒன்று முதல் இரண்டு கிலோவாட் வரை இழுக்கக்கூடும். அது எவ்வளவு பெரிய பங்கு என்று அறிய, கார் ஓடவே எவ்வளவு வேண்டும் என்ற கணக்குக்குப் போக வேண்டும்.

இரண்டாவது நிலைப்பாடு: சாலை கேட்பதைக் கொடுத்தே ஆக வேண்டும்

இயற்பியல் பக்கம் நிற்பவர்கள் சொல்வது இது. பொத்தான் காற்றையும் டயரையும் மாற்றுவதில்லை. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் காருக்கு இரண்டு தடைகள்தான்: முன்னால் இருக்கும் காற்று, கீழே உருளும் டயர்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார், சாதாரண உருவம், கொடும்பாளூரிலிருந்து துவரங்குறிச்சி பக்கம் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகிறது என்று கொள்வோம். காற்று சுமார் 207 நியூட்டன், டயர் சுமார் 118 நியூட்டன்; கூட்டினால் 325. அந்த வேகத்தில் இது 7.2 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 10 குதிரைத்திறன். எஞ்சின் 80 குதிரைத்திறன் உடையதாக இருந்தாலும் 120 உடையதாக இருந்தாலும் சாலை கேட்பது இந்தப் பத்தைத்தான். எக்கோவிலும் அதே பத்து, ஸ்போர்ட்டிலும் அதே பத்து.

கை கியர் உள்ள இன்னோவா கிரிஸ்டா போன்ற வண்டி இந்த வாதத்துக்கு நல்ல சான்று. டாப் கியரில் 80 என்றால் எஞ்சின் சுழற்சியைப் பல்சக்கரங்களின் விகிதம் தீர்மானித்துவிடுகிறது. பொத்தானுக்கு அதில் இடமில்லை. எக்கோவில் மிதியைக் கொஞ்சம் ஆழமாக அழுத்த வேண்டியிருக்கும், பவரில் மேலாகத் தொட்டால் போதும். எஞ்சினுக்குள் போகும் டீசல் ஒன்றேதான். ஏ.சி. வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், சீரான ஓட்டத்தில் கை கியர் காரின் மோடு மைலேஜை மாற்றும் என்று எதிர்பார்க்கக் காரணம் குறைவு.

இதே கணக்கு ஏ.சி.யின் கனத்தையும் காட்டுகிறது. ஓட 7 கிலோவாட் வேண்டிய இடத்தில் குளிர 1.5 கிலோவாட் போனால் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். டோல்கேட் வரிசையிலோ ரயில்வே கேட்டிலோ நிற்கும்போது ஓட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம், ஏ.சி.க்கு மட்டும் எஞ்சின் சுழல்கிறது.

வேகத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றுத் தடை மட்டும் 56 சதவீதம் கூடுகிறது. மொத்தத் தடை 325-இலிருந்து 441 நியூட்டனாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல், அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், திருச்சி–மதுரை 135 கிலோமீட்டருக்கு 80-இல் சுமார் 5.5 லிட்டரும் 100-இல் சுமார் 7.4 லிட்டரும் ஆகும். எஞ்சின் அதிகப் பளுவில் கொஞ்சம் திறம்பட ஓடும் என்பதால் நடைமுறையில் வித்தியாசம் சற்றுக் குறையலாம். மிச்சமாகும் நேரம் 20 நிமிடம். அதற்கு விலை இரண்டு லிட்டரை ஒட்டி வருகிறது. நான்குவழிச் சாலையில் காருக்கு 100 கி.மீ. வரை அனுமதித்த 2018 மத்திய அறிவிப்பு உரிமையைத்தான் தந்தது, செலவை ஏற்கவில்லை. எந்த மோடும் இந்த இரண்டு லிட்டரைத் திருப்பித் தராது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அது சீரான ஓட்டத்தை மட்டும் பார்ப்பது. சாலை அப்படிச் சீராக இருப்பதில்லை. நான்குவழியை விட்டு இறங்கிக் கொடும்பாளூர் மூவர்கோயில் பக்கம் திரும்பினாலே ஆடு, சைக்கிள், வேகத்தடை. விராலிமலைப் பக்கத்தில் மயிலும் குறுக்கே வரும். அங்கே பெட்ரோல் தின்பது பிரேக்.

மூன்றாவது நிலைப்பாடு: எல்லாம் காலில் இருக்கிறது

அனுபவ ஓட்டுநர்களின் விடை இது; இதற்கு நிறுவன ஆதரவும் நெடுநாளாக உண்டு. மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1970களின் பிற்பகுதியிலிருந்து மிதமான வேகம், சரியான டயர் காற்று, தேவையற்ற பிரேக் தவிர்த்தல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. 45 முதல் 55 கி.மீ. வேகம் நல்லது என்ற அதன் அறிவுரை பல தலைமுறை ஓட்டுநர்களின் மனதில் பதிந்தது. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் 'கே.எம்.பி.எல்.' (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) என்ற சொல் பணிமனைப் பேச்சில் கலந்துவிட்ட ஒன்று. ஒரே தடத்தில், ஒரே வகைப் பேருந்தில் ஓட்டுநருக்கு ஓட்டுநர் டீசல் கணக்கு மாறுவதை அந்தப் பதிவேடுகளே காட்டுகின்றன.

இதன் அடிப்படையும் கணக்குதான். மேலே சொன்ன 1,200 கிலோ கார் 80 கி.மீ. வேகத்தை எட்டும்போது அதற்குள் சுமார் 296 கிலோஜூல் இயக்க ஆற்றல் சேர்ந்திருக்கிறது. அதைச் சேர்க்கக் கரைந்த பெட்ரோல் ஏறத்தாழ 37 மி.லி., ஒரு சிறு டம்ளர் காப்பியில் பாதிக்கும் குறைவு. பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அத்தனையும் சக்கரத்தில் சூடாகிப் போய்விடும். பத்து முறை அப்படி நிறுத்தி எழுப்பினால் மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் போயிற்று. முன்னால் தடை இருப்பதைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுப்பவர் இந்த டம்ளர்களைச் சேமிக்கிறார். பொத்தானுக்குக் கண் இல்லை.

பயிற்சியின் பயனைப் பல நாடுகள் அளந்திருக்கின்றன. 2010-இல் ஜாக் பார்க்கன்பஸ் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. இத்தகைய ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது, சிக்கன ஓட்டப் பயிற்சி தொடக்கத்தில் பத்து சதவீதத்தை ஒட்டிய சேமிப்பைத் தரக்கூடும், மாதங்கள் போகப் போக அது தேயும் என்பதே. பழைய பழக்கம் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தப் பள்ளியின் பாடங்களிலும் பிழை உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஒன்று. கார்புரேட்டர் காலத்தில் அது ஓரளவு பலித்தது. இன்றைய எஞ்சினில் கியரில் வைத்துக்கொண்டே காலை எடுத்தால் எரிபொருள் பாய்வது முற்றாக நிற்கிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரித்தாக வேண்டும். பிரேக்குக்கு எஞ்சினின் துணையும் போய்விடும். மெல்ல மெல்ல வேகம் ஏற்றுவதே சிக்கனம் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஓரளவு சுறுசுறுப்பாக ஏற்றிச் சீக்கிரம் உயர் கியருக்குப் போவது, ஊர்ந்து ஏறுவதைவிட மோசமில்லை என்று எஞ்சின் திறன் வரைபடங்கள் காட்டுகின்றன. அப்படியானால் மிதியை மந்தமாக்கும் எக்கோ எப்போதும் சரியான பாடத்தைத்தான் சொல்லித் தருகிறதா என்ற ஐயம் எழுகிறது.

நான்காவது நிலைப்பாடு: அளந்ததுதான் உண்மை

ஒழுங்குமுறை அமைப்புகளின் விடை இது. ஆனால் எந்த மோடில் அளப்பது?

ஐரோப்பா 2017 முதல் புதிய வகைக் கார்களுக்கு நடைமுறைப்படுத்திய உலகப் பொதுச் சோதனை முறைக்கு இதில் ஒரு நுட்பமான விதி உண்டு. காரை அணைத்துப் போடும்போது, முன்பு எதில் இருந்தாலும் எப்போதும் ஒரே மோடுக்குத் திரும்புகிறதா? திரும்பினால் அதுவே அந்தக் காரின் முதன்மை மோடு. அதில் அளந்தால் போதும். திரும்பாமல் கடைசியாக வைத்ததையே நினைவில் வைத்திருந்தால், மிகச் சிக்கனமானதிலும் மிகச் செலவானதிலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் திரையில் எந்த மோடு எரிகிறது என்ற சிறு விஷயம், காட்சியறைத் தாளில் அச்சாகும் எண்ணைத் தொடுகிறது.

இந்தியாவில் வாங்குபவர் பார்க்கும் மைலேஜ் எண், புனேயின் ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனங்களில் உருளைகள் மேல் ஓட்டிப் பெறப்படுவது. ஒரகடத்திலும் இத்தகைய சோதனைக்கென மத்திய அரசின் உலக வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இங்கே நெடுநாள் கையாளப்பட்டுவரும் மாற்றியமைத்த இந்திய ஓட்டச் சுழற்சி பழைய ஐரோப்பிய முறையிலிருந்து வந்தது. அதன் உச்ச வேகம் 90 கி.மீ.தான். வேகம் ஏறுவதும் இறங்குவதும் கோடு போட்டதைப் போல நிதானம். ஏ.சி. அணைந்திருக்கும். இந்தச் சுழற்சியில் மோடுகளின் குணம் வெளிப்பட வாய்ப்பே குறைவு: ஸ்போர்ட்டின் அவசரத்துக்கு அங்கே இடமில்லை, எக்கோவின் ஏ.சி. அடக்கத்துக்கும் வேலையில்லை. ஒப்பிட, அமெரிக்கா 2008 முதல் மைலேஜ் வில்லையைக் கணக்கிடும் ஐந்து சோதனைகளில் ஒன்றை 35 டிகிரி வெப்பத்தில் ஏ.சி.யை ஓடவிட்டுச் செய்கிறது.

எரிசக்தித் திறன் பணியகத்தின் விதிகள் 2017-18 முதலும், அடுத்த படியாக 2022-23 முதலும் நிறுவனங்களின் சராசரி கரியமில வாயு அளவைக் கட்டுப்படுத்துகின்றன. இலக்கு கிலோமீட்டருக்கு 130 கிராமிலிருந்து 113 கிராமாக இறங்கியது. ஒவ்வொரு கிராமும் நிறுவனத்துக்குப் பெறுமதி உள்ளது. இந்தச் சூழலில் எக்கோ மோடு நுகர்வோருக்காகவா, கணக்குக்காகவா என்ற சந்தேகத்தை விமர்சகர்கள் எழுப்புவது இயல்பு. அதற்கு விடை காருக்குக் கார், சோதனை விதிக்கு விதி மாறும். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

லாரியும் மின்வண்டியும் சொல்லும் சாட்சி

காரில் குழம்பிக் கிடக்கும் கேள்வி, லாரியில் தெளிவாகிறது. 2016-இல் மகிந்திரா தன் பிளேஸோ லாரியில் டர்போ, ஹெவி, லைட் என்று மோடுகளை வைத்தது. போட்டி வண்டியைவிட மைலேஜ் தராவிட்டால் லாரியைத் திருப்பித் தரலாம் என்று விளம்பரமும் செய்தது. டாடா லாரிகளிலும் பளுவுக்கேற்ற மூன்று நிலைச் சுவிட்ச் உண்டு. இங்கே மோடு மனநிலையைப் பற்றியதல்ல, எடையைப் பற்றியது. நாமக்கல்லிலிருந்து நிறை பாரத்தோடு போய்க் காலியாகத் திரும்பும் லாரிக்கு இரண்டு பயணத்திலும் ஒரே இழுவை தேவையில்லை. காலி வண்டியில் இழுவையைக் கட்டிவைத்தால் வீண் துரத்தல் குறையும். டீசலுக்குப் பணம் தருபவர் ஒருவர், மிதியை அழுத்துபவர் மற்றொருவர் என்ற தொழிலில் இந்தச் சுவிட்ச் ஒருவகை ஒப்பந்தமாகவும் வேலை செய்யக்கூடும். சொந்தக் காரில் இரண்டும் ஒருவரே. தன் கையே தன்னைக் கட்டிப்போட வேண்டும்.

மின்வண்டி வேறொரு பாடம் சொல்கிறது. மின்மோட்டாருக்குப் பெட்ரோல் எஞ்சினின் மூச்சுத் திணறல் கிடையாது. குறைந்த பளுவிலும் அது திறமையாகவே சுழலும். பெரும்பாலான மின்கார்களில் மாற்றக் கியரும் இல்லை. எக்கோவின் வலுவான ஆயுதமே இங்கே கழன்றுவிடுகிறது. ஆனாலும் மின்வண்டிகளில் மோடுக்கு மோடு ஓடும் தூரம் நன்றாக மாறுகிறது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டர்கள் எக்கோ, ரைடு, ஸ்போர்ட், வார்ப் என்று மோடு வாரியாகவே தூரத்தைச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. காரணம், எக்கோ அங்கே உச்ச வேகத்துக்கும் வேகம் ஏறும் விதத்துக்கும் கட்டுப் போடுகிறது. காற்றுத் தடையின் வர்க்கக் கணக்கு மறுபடியும் வந்து நிற்கிறது. காரின் எக்கோ மோடுகள் பலவற்றில் வேகக் கட்டு இல்லை. மிதியை முழுதாக அழுத்தினால் முழுத் திறனும் கிடைத்துவிடும். மோடு நிச்சயமாக மிச்சம் பிடிக்க வேண்டுமானால் எதையாவது மறுத்தாக வேண்டும் என்பதே இந்த இரு சாட்சிகளும் சேர்ந்து சொல்வது.

ஓட்டும் உணர்வு: மாயையா, மதிப்பா?

ஸ்போர்ட் போட்டதும் 'வண்டி பறக்குது' என்பார்கள். எஞ்சினின் உச்சத் திறன் பெரும்பாலும் மாறியிருக்காது. மாறியது விண்ணப்பத்தை வாசிக்கும் விதம்: கால் பத்தில் மூன்று பங்கு அழுத்தினால் கணினி பத்தில் ஆறு என்று வாசிக்கிறது. முதல் அழுத்தத்திலேயே நிறையக் கொடுத்துவிடுவதால் உடல் அதைப் பலமாக உணர்கிறது. மிதியைத் தரை வரை அழுத்திப் பார்த்தால் கை கியர் காரில் இரு மோடுக்கும் வித்தியாசம் கரைந்துபோகும். ஸ்டீயரிங் கனப்பதும் அப்படித்தான். மின்மோட்டார் தன் உதவியைக் குறைத்துக்கொள்கிறது. சாலையின் செய்தி கைக்குக் கூடுதலாக வந்துவிடவில்லை. சில விலையுயர்ந்த கார்களில் மட்டும் ஷாக் அப்ஸார்பரின் இறுக்கமும் மாறுகிறது. அங்கே உணர்வுக்குப் பின்னால் உண்மையான பொறிமுறை மாற்றம் உண்டு.

அதனால் எல்லாம் கண்கட்டு என்று தள்ளுவோர் உண்டு. அவர்கள் வாதத்தில் ஒரு விடுபடல் இருக்கிறது. ஓட்டுபவர் எஞ்சினோடு பேசுவதே அந்த மிதி வழியாகத்தான். மிதியின் குணம் மாறினால் ஓட்டும் குணமும் மாறலாம். மந்தமான மிதி நெரிசலில் துள்ளலைக் குறைக்கிறது. பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் வயதானவருக்கு அது நிஜமான சுகம். மறுபுறம், இருவழிச் சாலையில் எதிரே பஸ் வரும்போது முந்தப் போய், எக்கோ சோம்பல் காட்டினால் அது சிக்கனப் பிரச்சினையாக இருக்காது, உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

இரண்டு எதிர்வினைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்று ஈடுகட்டல்: மிதி மந்தமானால் கால் தானாக ஆழம் போகும்; சில நாளில் பழைய வேகமே திரும்பும். மற்றது தளர்வு: எக்கோவில்தானே ஓடுகிறது என்ற நிம்மதியில் வேகமும் ஏ.சி.யும் கூடும். திறன் கூடினால் பயன்பாடும் கூடும் என்று நிலக்கரியை வைத்து ஜெவன்ஸ் 1865-இல் சொன்னதன் சின்ன வடிவம் அது.

எது தெளிந்தது, எது திறந்திருக்கிறது

இத்தனை விடைகளையும் அடுக்கிப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தானியங்கி கியர் உள்ள பெட்ரோல் காரில், நின்று நின்று போகும் ஓட்டத்தில், எக்கோவுக்கு உண்மையான வேலை இருக்கிறது. வெயில் நாட்டில் ஏ.சி.யை அடக்கும் எக்கோவுக்கும் அப்படியே. கை கியர் காரில் நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அது மிதியின் ஆழத்தை மாற்றுவதற்கு மேல் அதிகம் செய்வதில்லை. 100-ஐ விட்டு 80-க்கு வருவதும், பிரேக் தேவைப்படாதபடி முன்கூட்டிப் பார்ப்பதும் எந்தப் பொத்தானையும்விடப் பெரிய தொகைகள்.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. எக்கோவைத் தொடர்ந்து போட்டு ஓட்டுபவர் ஓராண்டுக்குப் பிறகும் மென்மையாக ஓட்டுகிறாரா, ஈடுகட்டிப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறாரா என்பது முதலாவது. பயிற்சி ஆய்வுகளில் கண்ட தேய்மானம் இங்கும் இருக்கும் என்று ஊகிக்கலாம், முடிவாகச் சொல்வதற்கில்லை. இரண்டாவது, 40 டிகிரி வெயிலில் ஏ.சி.யோடு மோடு வாரியாக அளந்த எண் வாங்குபவர் கைக்கு வர வேண்டுமா என்பது. ஸ்கூட்டர் சொல்லும் அளவுக்காவது கார் சொல்லலாம் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது, ஓட்டுபவரைக் கேட்காமல் கணினியே மோடைத் தேர்ந்துகொள்ளும் கார்கள் பெருகினால் இந்தப் பொத்தானுக்கு என்ன வேலை மிஞ்சும் என்பது.

மாங்காட்டு மறையோன் மூன்று பாதைகளின் குணத்தையும் விரித்துச் சொன்னான். நடக்கும் உழைப்பை எதுவும் தள்ளுபடி செய்யும் என்று சொல்லவில்லை. மோடு வைத்த காருக்கும் அவ்வளவு நேர்மை போதும். எந்த மோடு எதைத் தரும், எதை மறுக்கும் என்று கையேட்டில் வெளிப்படையாக எழுதினால், மீதிக் கணக்கைக் கொடும்பாளூர்ச் சாலையில் ஓட்டுபவரே போட்டுக்கொள்வார்.